தொகைப் பெட்டியில் கூடிவிடும் ஒரு பூஜ்யம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இணைய விளையாட்டுகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் கடிதங்கள் பெரும்பாலும் அவற்றில் செலவாகும் நேரத்தையும், பிள்ளைகளின் படிப்பையும், கண் கெடுவதையும் பற்றியே பேசுகின்றன. அந்தக் கவலைகள் நியாயமானவை. நான் எழுத வந்தது வேறொன்று. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கூடி விளையாடும் இவ்விளையாட்டுகள் பலவற்றில் அவற்றுக்கென்றே ஒரு நாணயம் உண்டு. அதை ஈட்டலாம், சேர்த்து வைக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், விளையாட்டுக்குள் இருக்கும் சந்தையில் அதைக் கொண்டு வாங்கலாம், விற்கலாம். தொகைகள் லட்சத்திலும் கோடியிலும் ஓடும்போது, எண்ணைத் தட்டச்சு செய்யும் சிறு பெட்டியில் நேரும் ஒரு பிழை ஒரு குழுவின் பல மாத உழைப்பைக் கரைத்துவிடுகிறது. இதற்கு விளையாடுபவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். முப்பதாண்டுக்கும் மேலாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நான் அவ்வாறு கருதவில்லை. தொகையை வாங்கிக்கொள்ளும் திரை, தான் வாங்கிக்கொண்டது எவ்வளவு என்பதை நமக்குப் புரியும் விதத்தில் திருப்பிச் சொல்லாமலேயே காரியத்தை முடித்துவிடுகிறது. பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எனக்கே நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் என்னைச் சேர்த்துவிட்ட ஒரு விளையாட்டில் நாங்கள் ஒன்பது பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். கணக்கு தெரிந்தவன் என்பதால் குழுவின் பொதுக் கருவூலத்தை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். கோட்டையை விரிவாக்குவதற்காக எட்டு மாதம் சேர்த்ததில் கருவூலத்தில் 1,31,00,000 நாணயம் இருந்தது. அதிலிருந்து, கல்லும் மரமும் வாங்கித் தரும் உறுப்பினர் ஒருவருக்கு 12,00,000 அனுப்ப வேண்டும். அனுப்பும் பெட்டியில் காற்புள்ளி விழாது. இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே நீளும். 12 அடித்து, பின்னால் பூஜ்யங்களை அடித்து, ‘அனுப்பு’ என்பதைத் தொட்டேன். ‘நிச்சயமாக அனுப்ப வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி வந்தது. எவ்வளவு, யாருக்கு, அனுப்பிய பிறகு மீதி என்ன என்பதில் ஒன்றுகூட அந்தக் கேள்வியில் இல்லை. ‘ஆம்’ என்பதைத் தொட்டேன். போனது 1,20,00,000.

பெற்றுக்கொண்டவர் நேர்மையானவர், மறுநாள் உள்ளே வந்ததும் அவரே செய்தி அனுப்பினார். ஆனால் அந்த விளையாட்டில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் நூற்றுக்கு ஐந்து கழிவு உண்டு. போகும்போது 6,00,000 கழிந்தது. தமக்குச் சேர வேண்டிய 12,00,000 போக எஞ்சிய 1,02,00,000ஐ அவர் திருப்பி அனுப்பியபோது மேலும் 5,10,000 கழிந்தது. 1,19,00,000 இருக்க வேண்டிய கருவூலத்தில் 1,07,90,000 மட்டுமே நின்றது. குறைந்துபோன 11,10,000 ஒன்பது பேரின் ஏறத்தாழ மூன்று வாரச் சேமிப்பு. அது நிஜப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை ஈட்டுவதற்கு வேலை முடிந்து வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரின் மாலை நேரமும் நிஜமானதுதான். அக்கா மகன் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. “மாமா, அடிக்கிறதுக்கு முன்னாடி கமா போட்டு எங்கயாவது எழுதிப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கடிதம் தொடங்கியது.

மனிதக் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 1871ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளை வீசி, எண்ணாமல் ஒரே பார்வையில் எத்தனை விழுந்தன என்று சொல்லும் சோதனையை ஆயிரம் தடவைக்கு மேல் தம் மீதே செய்து பார்த்தார். மூன்றும் நான்கும் விழுந்தபோது அவர் ஒருமுறையும் தவறவில்லை. ஐந்திலிருந்து தவறு தொடங்கியது, எண்ணிக்கை கூடக் கூடத் தவறும் கூடியது. பின்னர் வந்த உளவியல் ஆய்வுகளும் ஏறக்குறைய இதே எல்லையையே காட்டின. 1200000 என்பதில் ஐந்து பூஜ்யங்கள் இருக்கின்றன, 12000000 என்பதில் ஆறு. இரண்டுமே அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதால், பார்த்த மாத்திரத்தில் அவை ஒரே மாதிரி தோன்றுவதில் வியப்பில்லை. காற்புள்ளி இட்டு இரண்டும் மூன்றுமாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு பிரிவும் அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. எனவே எண்களுக்கு நடுவே விழும் அந்தச் சிறு குறியை அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. அதை நீக்கிவிட்டு ‘கவனமாக அடியுங்கள்’ என்று சொல்வது, படிக்கட்டின் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்து இறங்கச் சொல்வதற்குச் சமம்.

தமிழில் எண்ணிப் பழகியவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நாம் ஆயிரத்துக்குப் பிறகு இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். விளையாட்டுகளோ மும்மூன்றாகப் பிரித்து மில்லியன், பில்லியன் என்று காட்டுகின்றன. 1,200,000 என்று திரையில் பார்க்கும்போது அதை மனத்துக்குள் பன்னிரண்டு லட்சமாக மாற்ற வேண்டியிருக்கிறது. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன் என்பது நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, சண்டை நடக்கும் அவசரத்தில் இந்த மாற்றத்தைச் செய்யும்போது ஒரு படி மேலேயோ கீழேயோ சறுக்குகிறார்கள். வேறு சில மொழிகளின் வழக்கு இதற்கும் நேர்மாறானது. ஜெர்மன் மொழியில் ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளியையும், பின்னத்தைக் காட்டக் காற்புள்ளியையும் இடுவார்கள். பல நாட்டவர் கலந்து விளையாடும் ஒரு சந்தையில் 1.500 என்பதை ஒருவர் ஆயிரத்து ஐந்நூறு என்று படிக்க, இன்னொருவர் ஒன்றரை என்று படிப்பார். அதனால்தான், திரை எண்ணைக் காட்டுவதோடு நிற்காமல், விளையாடுபவர் தேர்ந்தெடுத்த மொழியில் அதைச் சொல்லாகவும் காட்ட வேண்டும் என்கிறேன். ‘பன்னிரண்டு லட்சம்’ என்று எழுத்தில் படித்த எவரும் அதை ஒன்றேகால் கோடிக்கு அருகிலான தொகை என்று நினைத்துக்கொள்ள மாட்டார்கள். காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் ஏற்பாடு இதற்காகவே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் இந்தியச் செலாவணி முறிச் சட்டமும், 1882ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் உண்டியல் சட்டமும் கூறுவது, எண்ணைவிட எழுத்தில் பிழை நுழைவது அரிது என்ற அனுபவத்தின் பேரில்தான்.

இந்த இடத்தில் நம் பழைய தமிழ் எண்முறை என் நினைவுக்கு வருகிறது. அதில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் இருந்தன. 2,345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதினார்கள். இரண்டு ஆயிரம், மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து என்று வாயால் சொல்வது போலவே அது எழுதப்பட்டது. பூஜ்யமே தேவைப்படாத அந்த முறையில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்ற பிழைக்கு இடமே கிடையாது. பெருக்கவும் வகுக்கவும் இன்றைய முறையே எளிது என்பதால் அதைக் கைவிட்டது சரிதான். ஆனால் தொகையைப் பதிவு செய்வது என்ற ஒரே வேலைக்கு, அளவின் பெயரையும் சேர்த்து எழுதும் அந்த முறை எவ்வளவு பாதுகாப்பானது என்பதை விளையாட்டுலகம் தன்னையறியாமல் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறது. ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் தொகைப் பெட்டியில் 25 என்ற எண்ணோடு எம் என்ற ஆங்கில எழுத்தை அடித்தால் அது இரண்டரைக் கோடி என்று புரிந்துகொள்ளும். கே என்றால் ஆயிரம், பி என்றால் பில்லியன். பூஜ்யங்களை அடிக்கும் வேலையே அங்கு இல்லை. இந்த வசதி இருக்கும் விளையாட்டுகளில் அதையே எப்போதும் பயன்படுத்துமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லா விளையாட்டுகளும் இதை ஏற்பதில்லை. சில பெட்டிகள் எழுத்தைச் சத்தமின்றி விழுங்கிவிட்டு வெறும் 25 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டரைக் கோடி பெறும் பொருள் 25 நாணயத்துக்குச் சந்தையில் ஏறினால், அது நின்று நிதானிக்கும் நேரத்துக்குள் விற்றுப்போகும். புதிய விளையாட்டு ஒன்றில் முதல்முறை அடிக்கும்போது மிகச் சிறிய தொகையில் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

பூஜ்யம் கூடுவது மட்டுமே பிழை அன்று. எண் சரியாக இருந்து, அது விழும் பெட்டி தவறாக இருப்பதும் அதே அளவுக்கு நடக்கிறது. 200 அம்புகளை ஒரு கட்டாக விற்க வைக்கும்போது கேட்கப்படும் விலை ஓர் அம்புக்கா, கட்டு முழுவதற்குமா என்பது பல சந்தைத் திரைகளில் தெளிவாக இருப்பதில்லை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் 100 செம்பு ஒரு வெள்ளி, 100 வெள்ளி ஒரு தங்கம். தங்கத்தின் பெட்டியில் அடிக்க வேண்டியதை வெள்ளியின் பெட்டியில் அடித்தால் விலை நூறில் ஒரு பங்காகிவிடும். இவை விளையாட்டில் மட்டும் நடப்பவையும் அல்ல. 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் பணியாளர் ஒருவர், ஜே-காம் நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியதற்குப் பதிலாக, 6,10,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்பதாகப் பதிவு செய்துவிட்டார். இரண்டு எண்களும் சரியானவையே. இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே 14,500தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மிசுஹோவுக்கு இழப்பு ஏறத்தாழ 4,000 கோடி யென். 2018 ஏப்ரலில் தென்கொரியாவின் சாம்சங் செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில், பங்கு ஒன்றுக்கு 1,000 வோன் ஈவுத்தொகை என்று பதிய வேண்டியது பங்கு ஒன்றுக்கு 1,000 பங்கு என்று பதிவாகி, இல்லாத பங்குகள் சுமார் 280 கோடி பணியாளர் கணக்குகளில் வந்து விழுந்தன. அவர்களில் சிலர் அதை விற்கவும் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், சம்பளத்துக்கு இதே வேலையைச் செய்பவர்கள் இப்படித் தவறும்போது, ஓய்வு நேரத்தில் விளையாட வந்த ஒரு பள்ளி மாணவனைக் ‘கவனம் போதாது’ என்று சொல்லிக் கைகழுவுவது நியாயமாகாது.

பெட்டியில் முன்கூட்டியே எதையாவது நிரப்பி வைப்பதும் ஆபத்தானது. 2024 ஏப்ரலில் சிட்டி குழும வங்கியில், வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் 280 டாலர் வரவு வைக்க வேண்டிய இடத்தில் 81 டிரில்லியன் டாலர், அதாவது 81 லட்சம் கோடி டாலர் வரவு வைக்கப்பட்டது. அதிகம் பயன்படாத ஒரு மாற்றுத் திரையில் தொகைப் பெட்டி 15 பூஜ்யங்களோடு திறந்ததும், அவற்றை அழித்துவிட்டு அடிக்க வேண்டியவர் அழிக்காமல் விட்டதும்தான் காரணம் என்று பின்னர் செய்தி வெளியானது. பதிந்தவரும் சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. மூன்றாமவர் ஒருவர் ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் கண்டுபிடித்ததால் பணம் வங்கியை விட்டு வெளியே போகாமல் தப்பியது. விளையாட்டுகளில் இதன் சிறிய வடிவத்தை நாள்தோறும் பார்க்கலாம். பெட்டி 1 என்ற எண்ணோடு திறக்கும். அதை அழிக்காமல் 50000 என்று அடித்தால் 150000 ஆகிவிடும். சுட்டி அந்த 1க்கு முன்னால் நின்றிருந்தால் 500001 ஆகிவிடும். பெட்டி வெறுமையாகவே திறக்கட்டும். இல்லையேல் தொட்டவுடன் உள்ளிருப்பது முழுவதும் தேர்வாகி, புதிய எண் அதன் மீதே விழட்டும். இது ஒரு நிரலாளருக்கு அரை நாள் வேலைகூட இராது.

‘நிச்சயமா?’ என்ற கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டு நிறுவனங்கள் பலவும் அந்தக் கேள்வியை வைத்துவிட்டதோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. நூறு முறை வந்து நூறு முறையும் ஒரே இடத்தில் ஒரே பொத்தானைத் தொட வைக்கும் கேள்விக்குக் கை பதில் சொல்லிவிடும், மனம் படிப்பதில்லை. மேற்சொன்ன மிசுஹோ நிகழ்விலும் திரையில் எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டித்தான் பதிவு நடந்தது. எச்சரிக்கை பயன்பட வேண்டுமானால் அது அரிதாக வர வேண்டும், வரும்போது குறிப்பாகப் பேச வேண்டும். நாள்தோறும் ஆயிரங்களில் அனுப்புபவர் திடீரென்று கோடியில் அனுப்பினால், தம் கையிருப்பில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் அனுப்பினால், சந்தையில் அண்மைய விலையைவிடப் பத்து மடங்கு கூட்டியோ குறைத்தோ விலை வைத்தால், அப்போது மட்டும் திரை நிறுத்திக் கேட்கட்டும். கேட்கும்போது, ‘நீங்கள் அனுப்பப்போவது ஒரு கோடியே இருபது லட்சம், இதன் பிறகு உங்களிடம் மீதி இருக்கப்போவது பதினொரு லட்சம்’ என்று சொல்லட்டும். இவற்றுள் மீதியைச் சொல்வதற்கே நான் முதலிடம் தருவேன். அடித்த எண்ணைத் திரும்பக் காட்டினால், நாம் அடிக்க நினைத்ததையே அதில் படித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மீதியோ நாம் அடிக்காத புதிய எண் என்பதால் கண் அதில் நின்று பார்க்கிறது. அன்று என் திரையில் ‘மீதி 11,00,000’ என்ற ஒரு வரி இருந்திருந்தால், என் விரல் ‘ஆம்’ பொத்தானுக்குப் போயிருக்காது.

நன்றாகச் செய்திருக்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன. ரூன்ஸ்கேப்பில் இருவர் பொருள் மாற்றிக்கொள்ளும்போது முதல் திரையில் ஒப்புக்கொண்ட பிறகு, கொடுப்பதும் பெறுவதும் என்ன என்று வரிவரியாகச் சொல்லும் இரண்டாவது திரை ஒன்று வரும்; அதிலும் இருவரும் ஒப்புக்கொண்டால்தான் மாற்றம் நடக்கும். அங்கே நாணயக் குவியலின் எண் ஒரு லட்சம் வரை மஞ்சளாகவும், அதற்கு மேல் வெள்ளையாகவும், ஒரு கோடியைத் தொட்டால் பச்சையாகவும் தெரியும். எண்ணைப் படிக்கும் முன்பே அதன் அளவைக் கண்ணுக்கு உணர்த்திவிடும் எளிய ஏற்பாடு இது. (அந்த விளையாட்டில் ஒரு குவியல் 2,147,483,647ஐத் தாண்டாது; 0, 1 என்ற இருமக் குறிகள் 32இல் ஒன்றை, எண் நேரா எதிரா என்று காட்ட ஒதுக்கிவிட்டால், எழுதக்கூடிய மிகப் பெரிய நேர் முழு எண் அதுதான். பெரிய எண்களில் மனிதனுக்கு இருப்பதைப் போலவே கணினிக்கும் எல்லை உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.) 2003இல் ஐஸ்லாந்திலிருந்து வெளிவந்த ஈவ் ஆன்லைன் விளையாட்டில் 2020 முதல் சந்தை விலையில் முதல் நான்கு இலக்கங்களுக்கு மேல் நுணுக்கமாக எழுத முடியாது, மற்றவை பூஜ்யமாகவே இருக்கும். ஒருவர் விலையை இன்னொருவர் மிகச் சொற்பமாகக் குறைத்துப் போட்டியிடுவதைத் தடுக்கவே அதைக் கொண்டுவந்தார்கள் என்றாலும், விலைகளைப் படிப்பதும் அதனால் எளிதாயிற்று.

பிழை நேர்ந்த பிறகு அதைத் திருத்தும் வழியும் திரையிலேயே இருக்க வேண்டும். பல விளையாட்டுகளின் விதிகள், பரிமாற்றம் முடிந்துவிட்டால் விளையாடியவரின் தவறுக்கு நிறுவனம் பொறுப்பாகாது, இழந்ததை மீட்டுத் தர இயலாது என்று தெளிவாகவே கூறுகின்றன. ஏமாற்றிப் பொருளைக் கைமாற்றிவிட்டு ‘தவறி அனுப்பிவிட்டேன்’ என்று முறையிடுபவர்கள் பெருகிவிடுவார்கள் என்ற அவர்களது அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதற்காகவே நான் கேட்பது பின்னால் மீட்டுத் தருவதை அன்று. பெரிய தொகை உரியவர் கைக்குப் போய்ச் சேரும் முன் சிறிது நேரம் தங்கி நிற்பதைத்தான். மின்னஞ்சலில் அனுப்பியதைச் சில நொடிகளுக்குள் நிறுத்திவிடும் வசதி பலருக்கும் பழக்கமானது. வழக்கத்துக்கு மீறிய தொகை மட்டும் பத்து நிமிடம் தங்கி நின்று, அனுப்பியவர் அதற்குள் ரத்து செய்யலாம் என்றிருந்தால், யாருக்கும் நட்டமில்லாமல் பெரும்பாலான பிழைகள் தீர்ந்துவிடும். ரத்து உண்மையிலேயே வேலை செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். டோக்கியோவில் மிசுஹோ நிறுவனத்தார் உடனே ரத்து செய்ய முயன்றும், சந்தையின் கணினி அமைப்பில் இருந்த குறையால் அது ஏற்கப்படவில்லை.

இந்தப் பிழைகளை நம்பியே பிழைப்பவர்களும் விளையாட்டுகளில் உண்டு. பேசி முடித்த தொகையிலிருந்து ஒரு பூஜ்யத்தைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டு, ‘சீக்கிரம், எனக்கு நேரமில்லை’ என்று அவசரப்படுத்துவார்கள். ஒரே பொருளைச் சரியான விலையில் பத்து இடத்தில் காட்டிவிட்டுப் பதினொன்றாவதில் மட்டும் ஒரு பூஜ்யத்தைக் கூட்டி வைப்பார்கள். இளையவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: எதிரில் இருப்பவர் எதையாவது மாற்றினால், அது எவ்வளவு சிறிய மாற்றமானாலும், முதலிலிருந்து படிக்க வேண்டும். அவசரப்படுத்துபவரோடு பெரிய தொகையில் மாற்றிக்கொள்ளவே கூடாது.

நிறுவனங்கள் மாறும் வரை விளையாடுபவர்கள் கணக்கர்களின் பழைய பழக்கங்களில் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். என் அக்கா மகன் பெரிய தொகையை நேரடியாகப் பெட்டியில் அடிப்பதே இல்லை. முதலில் கைபேசியின் குறிப்பேட்டில் காற்புள்ளியோடு எழுதி, வாய்விட்டுப் படித்துவிட்டு, பிறகே பெட்டியில் அடிக்கிறான். எழுதியதை அப்படியே நகலெடுத்து ஒட்டலாமே என்று கேட்டேன், கூடாது என்றான். சில பெட்டிகள் காற்புள்ளியைக் கண்டதும் அதற்குப் பின்னுள்ளதை விட்டுவிடும், சில அதைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்ளும் என்று செய்தே காட்டினான். இருபது வயது கூட நிரம்பாத அவனிடம் இந்த ஒழுங்கைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

தொகையை ஒரே மூச்சில் அடிக்காமல், 1 அடித்து நிறுத்தி, 200 அடித்து நிறுத்தி, பிறகு 000 என்று மும்மூன்றாகப் பிரித்து அடிப்பது விரலுக்கு ஒரு தாளத்தைத் தரும். விளையாட்டுகள் மும்மூன்றாகத்தான் காட்டும் என்பதால் ஒப்பிடவும் வசதி. கைபேசியின் எண் பலகையில் 1, 2, 3 மேல் வரிசையிலும், கணினி விசைப்பலகையின் எண் பகுதியில் 7, 8, 9 மேல் வரிசையிலும் இருப்பதை மறக்கக் கூடாது. ஒன்றில் பழகிய விரல் இன்னொன்றில் 1க்கு 7ஐ அடித்துவிடும். இரண்டிலும் விளையாடுபவர்கள் பெரிய தொகைகளை ஒரே கருவியில் மட்டும் கையாள்வது நல்லது. புதியவர் ஒருவருக்குப் பெருந்தொகை அனுப்ப வேண்டியிருந்தால் முதலில் ஒரு நாணயம் அனுப்பி, அது அவருக்கே போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்பலாம். பெயரில் ஓர் எழுத்து மாறி வேறொருவருக்குப் போகும் பிழையும் இதில் பிடிபடும்.

கணக்கு உதைக்கும்போது பிழை எங்கே என்று தேடுவதற்கு எங்கள் தலைமுறைக் கணக்கர்கள் அறிந்த ஒரு வழி உண்டு. இருக்க வேண்டிய தொகைக்கும் இருக்கும் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை 9ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதியின்றி வகுபட்டால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். 54 என்பது 45 ஆனால் வேறுபாடு 9. 12,00,000 என்பது 1,20,00,000 ஆனால் வேறுபாடு 1,08,00,000, அதை 9ஆல் வகுத்தால் அனுப்ப நினைத்த 12,00,000 அப்படியே வந்து நிற்கும். குழுக் கருவூலத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை அறிந்திருந்தால், பிழை நேர்ந்த அன்றே, பெற்றவர் அதைச் செலவழிக்கும் முன்பே, கண்டுபிடித்துவிடலாம். குழுவின் பணமாக இருந்தால் ஒருவர் தொகையைச் சொல்ல இன்னொருவர் அடித்து, அடித்ததைச் சொல்லாகத் திருப்பிப் படித்த பிறகே அனுப்புவது என்றும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் இப்போது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எதையும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

தமிழில் விளையாட்டுச் செயலிகள் எழுதும் இளைஞர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு தனி வேண்டுகோள் உண்டு. எண்ணைத் தமிழ்ச் சொற்களாக மாற்றும் நிரலை எழுதும்போது ‘ஒரு கோடியே இருபது லட்சம்’, ‘பன்னிரண்டு லட்சத்து ஐயாயிரம்’ என்ற சாரியைகள் சரியாக விழுமாறு கவனம் எடுத்துச் செய்யுங்கள். ‘ஒன்று கோடி இருபது லட்சம்’ என்று திரை சொன்னால், படிப்பவர் தொகையை விட்டுவிட்டு மொழியில் தடுக்கி நிற்பார். நாளடைவில் அந்த வரியைப் படிப்பதையே நிறுத்திவிடுவார். மில்லியனில் எண்ணிப் பழகிய தமிழர்களும் இருப்பதால், எந்த முறையில் காட்ட வேண்டும் என்பதை விளையாடுபவரே அமைத்துக்கொள்ள விட்டுவிடலாம்.

எங்கள் குழு ஆடும் அந்த விளையாட்டின் நிறுவனத்துக்கு நடந்ததையெல்லாம் விளக்கி, இழந்த தொகையைக் கேட்காமல், திரையை மாற்றுமாறு மட்டும் கேட்டு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து வந்த புதுப்பிப்பில் தொகைப் பெட்டியில் காற்புள்ளி தானாக விழத் தொடங்கியிருக்கிறது. எழுத்தால் காட்டும் வரியும், அனுப்பிய பின் எஞ்சும் மீதியும் இன்னும் வரவில்லை. அவற்றையும் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். இதே விளையாட்டையோ வேறு விளையாட்டையோ ஆடும் வாசகர்களும் தத்தம் நிறுவனங்களுக்கு எழுதுமாறு தங்கள் நாளிதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்கர்.